கொடியை வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள்!

சென்ற மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் ஒன்று நடந்தது. "அரசின் கொள்கைகளை வகுப்பதில் சிவில் சமூகத்தின் பங்கு" என்று நோட்டீசில் அச்சிட்டிருந்தார்கள். கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி: "கட்சிக் கொடி, சங்கக் கொடிகளைத் தவிர்க்கவும்." முசரவாக்கத்திலிருந்து விவசாயத் தொழிலாளர்களும் சில நெசவாளிகளும் புறப்பட்டார்கள். என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று நாமும் உடன் போயிருந்தோம்.

மேடையில் இருந்தவர்கள் படித்தவர்கள், மரியாதையாகப் பேசத் தெரிந்தவர்கள். ஒருவர் சொன்னார்: "காலம் மாறிவிட்டது. கோஷம் போட்டால் கொள்கை மாறாது. ஆய்வறிக்கை வேண்டும், புள்ளிவிவரம் வேண்டும், அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசும் பக்குவம் வேண்டும். சங்கங்களின் காலம் முடிந்தது. இது சிவில் சமூகத்தின் காலம்." பிறகு எல்லோரையும் ஆறு வட்டமாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் காகிதம் கொடுத்தார்கள். "உங்கள் எதிர்பார்ப்பை இதில் எழுதுங்கள்" என்றார்கள்.

முசரவாக்கத்து மூதாட்டி ஒருவர் எழுந்தார். வாழ்நாள் முழுவதும் நாற்று நட்ட கை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"எனக்கு எழுதத் தெரியாது தம்பி, வாயால கேக்கறேன். நூறு நாள் வேலைக்குச் சட்டம் போட்டப்ப எங்கள யாராச்சும் கேட்டாங்களா? இப்ப அத எடுத்தப்ப கேட்டாங்களா? நடுவுல நீங்க யாரு, எங்க எதிர்பார்ப்பக் கேக்கறதுக்கு?"

மேடையில் பதில் இல்லை. சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது. கூட்டம் கலைந்தது.

அந்த அம்மையார் கேட்டது ஒரு கேள்வி அல்ல, மூன்று. மூன்றுக்கும் பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு. மேடையில் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் அந்தக் கேள்வி சுடுகிறது. ஏன் சுடுகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

யார் இந்த "சிவில் சமூகம்"?

கட்சியும் அல்லாத, சர்க்காரும் அல்லாத மக்கள் அமைப்புகள் எல்லாம் சிவில் சமூகம் என்கிறார்கள். நல்லது. அப்படியானால் ஆலைத் தொழிலாளியின் சங்கம் எதில் சேர்த்தி? விவசாயத் தொழிலாளியின் சங்கம் எதில் சேர்த்தி? சந்தா கட்டி, தேர்தல் வைத்து, கணக்குக் காட்டி நடக்கிற அமைப்பு மண்டபத்து வாசலில் கொடியைக் கழற்ற வேண்டும். முதலாளிகளின் சங்கமோ கோட்டையில் மந்திரியின் அறைக்குள் நேராகப் போகலாம். இது என்ன நியாயம்?

வெறும் வாய்ப்பேச்சு அல்ல இது. 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவைச் செருகி, ஒரு நாள் வேலையைப் 12 மணி நேரம் வரை நீட்டுவதற்கு வழி திறந்த மசோதா அது. எதற்காக இந்தத் திருத்தம்? மசோதாவின் நோக்க விளக்கத்திலேயே பதில் இருந்தது: தொழில் நிறுவனங்களும் தொழில் அமைப்புகளும் கேட்டுக்கொண்டனவாம்!

பாருங்கள், கொள்கை எப்படி வகுக்கப்படுகிறது என்று. எந்த மஞ்சள் காகிதத்தில் அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்? எந்த வட்டத்தில் உட்கார்ந்தார்கள்? ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பிள்ளைகளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

அதே ஜில்லாவில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024-ல் சங்கம் அமைத்துப் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். செப்டம்பர் 9-ந் தேதி தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள். வழக்கு ஐகோர்ட்டுக்குப் போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று. முதலாளிகளின் சங்கம் சட்டத்தின் வாசகத்தையே கேட்டு வாங்கிக்கொள்கிறது. தொழிலாளியின் சங்கமோ தன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கே தெருவில் கிடக்க வேண்டியிருக்கிறது. "சிவில் சமூகம்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த வேற்றுமையை மூடி மறைக்கிறார்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2013-ம் வருடத்துக் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி தொண்டு ஸ்தாபனங்களின் வழியே வருகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினால் நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், கம்பெனி கொடுத்த காசில் ஆபீஸ் வாடகை கட்டுகிற ஸ்தாபனம், அதே கம்பெனி 12 மணி நேர வேலை கேட்கும்போது வாய் திறக்குமா? அப்படித் திறந்தால், அடுத்த வருடம் அதற்குக் காசு வருமா?

பெரம்பூர் சொல்லும் கதை

அப்படியானால் படித்தவர்களும், கட்சியில் சேராதவர்களும், தர்ம காரியம் செய்கிறவர்களும் நமக்கு விரோதிகளா? இல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் நம் சரித்திரத்தையே நாம் அறியவில்லை என்று அர்த்தம்.

இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ந் தேதி பிறந்தது. அதற்கு வித்திட்டது எது? பெரம்பூரில் வெங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபை என்று ஒரு பக்தி சபை இருந்தது. பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் அங்கே காலட்சேபம் கேட்க வருவார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் கடை வைத்துப் பிழைத்த சிறு வியாபாரிகள். மில்லுக்குள் நடந்த கொடுமையைத் தொழிலாளர்கள் சொல்லக் கேட்டு மனம் பொறுக்காமல், பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். திரு.வி.க. வந்து சேர்ந்தார். இவர்களில் யார் மில்லில் தறி ஓட்டியவர்? ஒருவரும் இல்லை. ஆனால் தொழிலாளியிடம் "கொடியை வைத்துவிட்டு வா" என்று இவர்கள் சொல்லவில்லை. கொடியே இல்லாத காலத்தில் கூடச் சேர்ந்து கொடி கட்டினார்கள்!

பலன் என்ன? மில் முதலாளி கோர்ட்டுக்குப் போனான். வாடியா முதலியோர் மீது தடை உத்தரவு வந்தது, நஷ்ட ஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. சங்கம் வைத்த குற்றத்துக்குத் தண்டம்! இந்த அநியாயம் நாடெங்கும் பேசப்பட்டது. 1921-ல் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி தீர்மானம் கொண்டு வந்தார். அவர் இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர், இன்றைய பாஷையில் அவரும் ஒரு சிவில் சமூகத்துக்காரர்தான். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சட்டத்தின் வாசகத்தை ஜோஷியைப் போன்றவர்கள் எழுத உதவினார்கள் என்பது உண்மை. ஆனால் பெரம்பூரில் மில் வாசலில் வயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் இல்லாவிட்டால் ஜோஷியின் தீர்மானத்தை எந்த வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்திருப்பான்? எழுதிய கைக்கு நன்றி சொல்வோம். எழுத வைத்தது எது என்பதையும் மறக்க மாட்டோம்.

பீவாரின் நாற்பது நாள்

பெரம்பூர் பழைய கதை என்று தள்ளுகிறவர்களுக்கு நம் காலத்துக் கதையையே சொல்வோம். தமிழ்நாடு சர்க்கார் 1997-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒன்று போட்டது. இந்தியாவிலேயே இதுதான் முதல் என்று பெருமை பேசினார்கள். அதற்காக யாரும் ஊர்வலம் போகவில்லை, யாரும் தடியடி படவில்லை. மேலிருந்து இறங்கிய சட்டம். விலக்குக்கு மேல் விலக்காக அடுக்கி, சர்க்கார் எதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்ற பட்டியலே அதில் நீண்டு கிடந்தது. முசரவாக்கத்தில் யாராவது அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தி ஒரு கூலிக் கணக்கைக் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ராஜஸ்தானத்தில் நடந்ததைப் பாருங்கள். 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு அங்கே உருவானது. ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை 1975-ல் உதறிவிட்டு வந்த அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் கிராமத்து ஏழைகளோடு சேர்ந்து அமைத்தது. வெளிநாட்டு நிதியோ கம்பெனி நிதியோ வாங்காமல், ஜனங்கள் கொடுத்த நன்கொடையில் நடந்தது. வறட்சி நிவாரண வேலையில் மண் வெட்டியவனுக்கு முழுக் கூலி இல்லை. கேட்டால், "நீ முழு வேலை செய்யவில்லை என்று பதிவேட்டில் இருக்கிறது" என்கிறான் மேஸ்திரி. அந்தப் பதிவேட்டைக் காட்டு என்றார்கள். அது ரகசியம் என்றான் அதிகாரி.

1994 டிசம்பர் 2-ந் தேதி கோட்கிரானா என்ற கிராமத்தில் முதல் பொது விசாரணை நடந்தது. ஊர் மத்தியில் கூலிப் பட்டியலை உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவன் பெயரும், செத்தவன் பெயரும் பட்டியலில் இருந்து எழுந்து வந்தன! 1996 ஏப்ரல் 6-ந் தேதி பீவார் நகரத்தில் தர்ணா தொடங்கியது. நாற்பது நாள் நடந்தது. கிராமத்தார் வீட்டுக்கு வீடு தானியம் திரட்டிக் கொடுத்தார்கள். நகரத்துத் தொழிற்சங்கங்கள் வந்தன, வியாபாரிகள் வந்தார்கள், பத்திரிகையாளர்கள் வந்தார்கள். "நம் பணம், நம் கணக்கு" என்பது கோஷம். அந்தக் கோஷத்திலிருந்துதான் 2000-ல் ராஜஸ்தான் சட்டமும், 2005 அக்டோபர் 12-ல் அமலுக்கு வந்த இந்தியா முழுமைக்குமான சட்டமும் வந்தன.

கோஷத்தால் கொள்கை மாறாது என்றார் மண்டபத்துப் பெரியவர். ஐயா, உங்கள் மேடையில் நீங்கள் பெருமையாக எடுத்துக்காட்டிய தகவல் உரிமைச் சட்டமே ஒரு கோஷத்தில் பிறந்ததுதான்!

நூறு நாள் வேலை எப்படி வந்தது?

இனி அம்மையாரின் முதல் கேள்விக்கு வருவோம். சட்டம் போட்டபோது எங்களைக் கேட்டார்களா?

2004 மே மாதத் தேர்தலுக்குப் பின் அமைந்த மத்திய சர்க்கார், பார்லிமெண்டில் சுமார் 60 இடதுசாரி உறுப்பினர்களின் வெளி ஆதரவில் நின்றது. ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு 100 நாள் வேலை என்பது குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. ஜூன் மாதம் சோனியா காந்தி தலைமையில் தேசிய ஆலோசனைக் குழு அமைந்தது. அருணா ராயும், பொருளாதார அறிஞர் ழான் திரேஸும் அதில் இருந்தார்கள். அவர்கள் கொடுத்த நகலை சர்க்கார் அப்படியே ஏற்றதா? இல்லை. 2004 டிசம்பரில் பார்லிமெண்டுக்கு வந்த மசோதாவில் கத்தரிக்கோல் விழுந்திருந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் வேலை. சர்க்கார் நினைத்தால் உத்தரவாதத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். குறைந்தபட்சக் கூலிக்கும் உறுதி இல்லை. ஆலோசனைக் குழுவில் நாற்காலி கிடைத்தும் இந்த லட்சணம்!

பிறகு அதை மாற்றியது எது? 2005 மே மாதம் டில்லியிலிருந்து வேலை உரிமைப் பயணம் ஒன்று புறப்பட்டது. பத்து மாநிலங்களில் சுமார் ஐம்பது நாள் பஸ்ஸில் சுற்றினார்கள். தொழிற்சங்கங்கள், விவசாயத் தொழிலாளர் சங்கங்கள், மாதர் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. பார்லிமெண்டுக்குள் இடதுசாரிகள் நெருக்கினார்கள். 2005 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் வறுமைக் கோடு என்ற வேலி போயிற்று. 15 நாளில் வேலை, இல்லாவிட்டால் படி. மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கை. கூலிச் செலவு முழுவதும் மத்திய சர்க்கார் பொறுப்பு. அறிஞர்களின் நகலும், பார்லிமெண்டில் கை தூக்கியவர்களும், தெருவில் நின்ற ஜனங்களும் மூன்றும் சேர்ந்தபோதுதான் அந்தச் சட்டம் வந்தது.

2006 பிப்ரவரி 2-ந் தேதி 200 ஜில்லாக்களில் வேலை தொடங்கிற்று. தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, திண்டுக்கல், சிவகங்கை, நாகப்பட்டினம் ஆகிய ஆறு ஜில்லாக்கள் முதல் வரிசை. காஞ்சிபுரத்துக்கு 2008 ஏப்ரல் 1-ந் தேதி வந்தது. அட்டை கொடுத்தார்கள், ஏரி வரத்துக்கால்வாய் வெட்டினோம், கூலி வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைப் பல பெண்கள் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். பண்ணையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ என்று சொன்னவர்களும் கூலியை உயர்த்த வேண்டி வந்தது. அதனால்தான் பெரிய நிலக்காரர்கள் அந்தத் திட்டத்தை நித்தம் சபித்தார்கள். "நூறு நாள் வேலை வந்து ஆளே கிடைக்கவில்லை" என்ற புலம்பலுக்கு அர்த்தம், "பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை" என்பதுதானே?

மூன்று நாளில் போயிற்று

இரண்டாவது கேள்வி: எடுத்தபோது கேட்டார்களா?

மசோதாவின் நகலைக் குறைந்தது 30 நாளாவது ஜனங்களின் பார்வைக்கு வைத்து அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று 2014-ல் மத்திய சர்க்கார்தான் ஒரு நெறிமுறை வகுத்தது. 2025 டிசம்பர் 16-ந் தேதி லோக்சபாவில் ஒரு மசோதா வந்தது. விக்சித் பாரத் என்று தொடங்கும் நீண்ட இந்திப் பெயர், சுருக்கமாக ஜி ராம் ஜி. 18-ந் தேதி லோக்சபாவில் நிறைவேறிற்று, அன்று நள்ளிரவு தாண்டி ராஜ்யசபாவிலும் நிறைவேறிற்று. 21-ந் தேதி ஜனாதிபதி கையெழுத்து. கமிட்டிக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டது காற்றோடு போயிற்று. 20 வருடத்துச் சட்டத்துக்கு மூன்று நாளில் முடிவு!

125 நாள் தருகிறோம் என்று கண்ணுக்கு மை தடவுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது? எந்த மாநிலத்துக்கு எவ்வளவு பணம் என்பதை மத்திய சர்க்கார் முன்கூட்டியே நிர்ணயிக்கும். அதற்கு மேல் செலவானால் மாநிலத்தின் தலையில். செலவிலும் நூற்றுக்கு 40 பங்கை நம்மைப் போன்ற மாநிலங்கள் சுமக்க வேண்டும். விதைப்பு, அறுவடை மும்முரத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும். கூலி பேரம் பேசுவதற்குத் தொழிலாளிக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும் அந்த 60 நாளில் அவன் கைப்பிடியைத் தட்டிவிட்டால் லாபம் யாருக்கு? இந்தப் பிரிவை எந்த விவசாயத் தொழிலாளி கேட்டான்?

முந்திய சட்டத்தின் நகலை எழுதிய ஆலோசனைக் குழு எங்கே? 2014-ல் ஆட்சி மாறியதோடு அது கலைந்தது. ஆட்சியாளர் போட்ட நாற்காலி ஆட்சியாளரோடு போய்விட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் கதியும் இதுவே. 2019-ல் தகவல் கமிஷனர்களின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் மத்திய சர்க்கார் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. 2023-ல் போட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம், சொந்தத் தகவல் என்று சொல்லி எதையும் மறுப்பதற்கு வழி செய்தார்கள். அது 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. கோட்கிரானாவில் செத்தவன் பெயரை ஊர் மத்தியில் படித்தார்களே, இனி அந்தப் பட்டியலைக் கேட்டால் "அது சொந்தத் தகவல்" என்று கதவைச் சாத்தலாம்.

அதே நவம்பர் 21-ந் தேதி, 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய நான்கு தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பெரம்பூர்க்காரர்கள் வாங்கிய 1926-ம் வருடத்துச் சட்டமும் அதில் கரைந்தது. தொழிலாளர், முதலாளி, சர்க்கார் மூவரும் உட்காரும் இந்தியத் தொழிலாளர் மாநாட்டை 2015-க்குப் பிறகு பத்து வருடமாகக் கூட்டாமலே இதைச் செய்து முடித்தார்கள். கலந்து பேசிக் கொள்கை வகுக்கிற காலமாம் இது!

பத்து நாளில் திரும்பியது

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 12 மணி நேர மசோதா என்ன ஆயிற்று? நிறைவேறிய அன்றே ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. பல வண்ணக் கொடிகளின் சங்கங்கள் ஒன்றுகூடி வேலைநிறுத்தம் அறிவித்தன. ஏப்ரல் 24-ந் தேதி மந்திரிகள் சங்கங்களை அழைத்துப் பேசினார்கள். அன்று மாலையே மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று சென்னை மே தினப் பூங்காவில் முதல் மந்திரி அதை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். சட்டசபையில் நிறைவேறிய மசோதா பத்தே நாளில் திரும்பிப் போனது! டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருடம் உட்கார்ந்தார்கள், 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் வாபஸாயின.

இந்த இரண்டிலும் அறிஞர்கள் எழுதினார்கள், வக்கீல்கள் பேசினார்கள், மாணவர்கள் வந்தார்கள். எல்லோரும் வரவேற்கத் தக்கவர்களே. ஆனால் அவர்கள் கொடியைக் கழற்றச் சொல்லவில்லை. கொடியின் பக்கத்தில் நின்றார்கள்.

ஆகவே மூன்றாவது கேள்விக்கு நம் பதில் இது. நீங்கள் யார் என்று ஒரு ஸ்தாபனத்தைக் கேட்கும்போது, அதன் பெயர்ப் பலகையைப் பார்த்துப் பயனில்லை. உன் கணக்கை ஜனங்கள் முன் வைப்பாயா? உன் காசு எங்கிருந்து வருகிறது? சட்டம் வந்த மறுநாளும் எங்களோடு இருப்பாயா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று நேர்மையாகப் பதில் சொல்கிறவன் எந்தச் சபையில் இருந்தாலும் நம் தோழன். அப்படிப்பட்டவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்பதற்காக வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020-ல் இறுக்கி, உரிமத்தைப் பிடுங்கி மிரட்டுகிறார்கள் ஆட்சியாளர்கள். அதை நாம் எதிர்க்கிறோம். ஆனால் "உங்களுக்குப் பதிலாக நாங்கள் பேசுகிறோம், நீங்கள் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்" என்கிறவனை நம்ப முடியாது.

காஞ்சி நெசவாளிக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1985-ல் கைத்தறிக்கு என்று 22 ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. விசைத்தறி, மில் முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1993-ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. அதற்குப் பிறகு பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. சேலை அந்தப் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கிறதே! சட்டம் எழுதியவர்கள் போய்விட்டார்கள். அமல் நடத்த வைக்கும் சக்தி தறிமேட்டில் திரளவில்லை.

நம் தவறு

இப்போது ஏன் அந்த அம்மையாரின் கேள்வி நம்மைச் சுட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

நூறு நாள் வேலை 2008-ல் நம் ஊருக்கு வந்தபோது, அது ராஜஸ்தானத்து ஏழைகளும் நாடெங்கும் உள்ள சங்கங்களும் போராடி வாங்கியது என்பதை நாம் வீடு வீடாகச் சொல்லவில்லை. அட்டையைக் கொடுத்தவன் தந்ததாக ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள், நாமும் விட்டுவிட்டோம். கூலி பாக்கி என்றால் ஊராட்சி ஒன்றியக் காரியாலயம் முன் ஆர்ப்பாட்டம் செய்தோம். அது சரிதான். ஆனால் கிராம சபையில் சமூகத் தணிக்கை நடக்கும் நாளில் எத்தனை தடவை நாம் ஆள் திரட்டினோம்? வேலை கேட்டு மனுக் கொடுத்து, ரசீது வாங்கி, 15 நாளில் வேலை இல்லாவிட்டால் படி கேட்பது என்ற ஆயுதத்தை எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்தோம்? தகவல் உரிமை என்பது நகரத்துப் படித்தவர்களின் விளையாட்டு என்று நம்மில் சிலர் ஏளனம் பேசியதையும் மறைக்க வேண்டாம்.

உரிமை என்று தெரியாமல் சலுகை என்று வாங்கிக்கொண்டால், எடுக்கிறவனுக்கும் கை கூசாது. கொடுத்தவன் எடுத்துக்கொண்டான் என்று ஊர் பேசாமல் இருந்துவிடும். 12 மணி நேர மசோதாவைப் பத்து நாளில் திருப்பி அனுப்ப முடிந்ததற்குக் காரணம், எட்டு மணி நேரம் நம் பாட்டன் ரத்தம் கொடுத்து வாங்கியது என்று ஆலைத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்ததுதான். நூறு நாள் வேலையைப் பற்றி விவசாயத் தொழிலாளிக்கு அந்த அறிவு சென்று சேரவில்லை. சேர்க்க வேண்டியவர்கள் நாம். அந்த இடைவெளியில்தான் மஞ்சள் காகிதக்காரர்கள் புகுந்தார்கள். அவர்களை மட்டும் ஏசிப் பயன் என்ன?

முசரவாக்கத்தில் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கொள்கை வகுக்கும் மேசை கோட்டையில் மட்டும் இல்லை. இந்த ஆறு நாளும் அது நம் ஊரிலேயே போடப்படுகிறது. தலைவரும் கிளார்க்கும் நாலு பேரும் கையெழுத்துப் போட்டு முடிக்கும் சடங்காக அதை விட்டுவைத்தவர்கள் நாம்தான்.

அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஆள் வர வேண்டும். வேலை உத்தரவாதத்தை முன்போல கூலிச் செலவு முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்கும்படி திரும்பக் கொண்டுவரக் கோரித் தீர்மானம் வைப்போம். அறுபது நாள் நிறுத்தத்தை ஏற்க மாட்டோம் என்று எழுதி வாங்குவோம். பாக்கிக் கூலியின் கணக்கை ஊர் மத்தியில் படிக்கச் சொல்வோம். கம்பெனி பஸ்ஸில் போகிற பிள்ளைகள் அன்று விவசாயத் தொழிலாளியின் பக்கத்தில் உட்காரட்டும். நாளைக்கு ஆலை வாசலில் பந்தல் போட்டால் இதே நாற்று நட்ட கைகள் அரிசி கொண்டு வரும். பீவாரில் நாற்பது நாள் நடந்தது இப்படித்தானே?

படித்த நண்பர்களே, நீங்களும் வாருங்கள். உங்கள் புள்ளிவிவரம் எங்களுக்கு வேண்டும், சட்ட ஞானம் வேண்டும், மனு எழுதும் கை வேண்டும். தரையில் எங்களோடு உட்காருங்கள். கொடியை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். அதைக் கட்டுவதற்கு எங்கள் முன்னோர் கொடுத்த விலை உங்கள் புள்ளிவிவரத்தில் இல்லை.

அந்த அம்மையார் காகிதத்தில் எழுதாமல் விட்டது நல்லதாயிற்று. அடுத்த கிராம சபையில் அதே கேள்வியை அவர் வாயாலேயே கேட்கப் போகிறார். அவர் பின்னால் முசரவாக்கம் முழுவதும் எழுந்து நிற்கும்படி செய்வது, தோழர்களே, நம் வேலை!